ஃபேஷியல் ரூமுக்குள் ட்ரையர் சத்தமா? சுவரை விடுங்கள், முதலில் கதவைப் பாருங்கள்

சலூனுக்குள்ளேயே ஓர் அறையை ஒதுக்கி ஃபேஷியலோ மசாஜோ செய்கிற எல்லோருக்கும் இது தெரிந்த கதைதான். படுத்திருப்பவரின் தோள் அப்போதுதான் இளகியிருக்கும், மூச்சு சீராகிக் கண் சொருகத் தொடங்கியிருக்கும், சரியாக அந்த நேரம் பார்த்து வெளியே யாராவது ட்ரையரைப் போடுவார்கள். அவர் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் புருவத்துக்கு நடுவே தசை இறுகுவது நம் விரலுக்கடியில் தெரியும். அதுவரை செய்த வேலை போச்சு.

உடனே எல்லோருக்கும் தோன்றும் வழி, சுவரில் ஃபோம் ஒட்டுவது. தயவுசெய்து அதில் காசு போடாதீர்கள். அறைக்குள் எழும் சத்தம் சுவரில் பட்டு எதிரொலிப்பதைத்தான் ஃபோம் குறைக்கும். வெளியிலிருந்து வருவதை அது நிறுத்தாது. முட்டை அட்டையும் அப்படித்தான், அது எதிரொலிக்குக்கூடப் பெரிதாக உதவாது. சத்தத்தைத் தடுக்க வேண்டுமென்றால் கனம் வேண்டும், காற்று புகாத அடைப்பு வேண்டும். இன்னொரு விஷயம், சாதாரண பாலியூரிதேன் ஃபோம் சட்டென்று தீப்பிடிக்கும். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் வாணவேடிக்கைப் பொறி பட்டு மேடைச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோம் பற்றிக்கொண்டதில் 100 பேர் இறந்துபோனார்கள். வேக்ஸ் ஹீட்டரும் ஸ்டீமரும் ஓடுகிற அறையில் அதை நான்கு பக்கமும் ஒட்டி வைப்பானேன்?

சரி, கதவுக்கு வருவோம். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நில்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் சத்தமும் உள்ளே வருகிறது. பெரும்பாலும் கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அதை அடைக்காமல் சுவரை எவ்வளவு கெட்டியாக்கினாலும் ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங் பட்டை ஒட்டுங்கள். அடியில், கதவைச் சாத்தும்போது தானாகக் கீழே இறங்கித் தரையை அழுத்திக்கொள்ளும் சீல் கிடைக்கிறது, அதைப் பொருத்துங்கள். வெறும் பிரஷ் வைத்த பட்டை தூசியைத் தடுக்கும், சத்தத்துக்கு அவ்வளவாகப் போதாது. அப்புறம் கதவைத் தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாக இருக்கிற லேசான கதவு என்றால் தட்டும்போதே தெரிந்துவிடும். அதற்குப் பதில் உள்ளே கெட்டியாக நிரப்பிய கதவு போட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் கனமான கதவைப் பழைய கீல் தாங்குமா என்று தச்சரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்லைடிங் கதவாக இருந்தால் சிரமம்தான், அதன் ஓரங்களைச் சரியாக அடைப்பது பெரும்பாடு.

கதவை முடித்ததும் ஃபால்ஸ் சீலிங்கைப் பாருங்கள். பல சலூன்களில் தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும், அதற்கு மேலே கூடத்துக்கும் நம் அறைக்கும் ஒரே வெற்றிடம்தான். வெளியே யாரோ சிரிப்பது தலைக்கு மேலிருந்து கேட்கிறதென்றால் காரணம் இதுதான். ஒரு டைலைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தடுப்பை மேல்தளம் வரை உயர்த்துவதுதான் சரியான தீர்வு. உயர்த்தும்போதே நடுவில் ராக்வூல் என்கிற பாறையிழைப் பஞ்சை நிரப்பி, ஜிப்சம் போர்டை ஒன்றுக்கு இரண்டாக அடித்து, மூட்டுகளில் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசை பூசச் சொல்லுங்கள். சுவரின் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் சுவிட்ச் பெட்டி இருந்தால் அதுவும் ஓட்டைதான். ஏசி குழாய் வழியாக வருகிற பேச்சுச் சத்தத்துக்கு உள்ளே மெத்தை வைத்த குழாயோ ஒரு வளைவோ உதவும், ஆனால் காற்று வரும் வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள், நாம் ரசாயனம் புழங்குகிறவர்கள்.

வாடகை அறை, சுவரைத் தொட உரிமையில்லை என்றால் வெளியே இருப்பவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும். ட்ரையர் பக்கத்தில் 80 முதல் 90 டெசிபல் வரை வரும், சாதாரணப் பேச்சு 60 வாக்கில் இருக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். அதனால் நம் சுவரை ஒட்டிய நாற்காலியைக் கலரிங்குக்கு வைத்துக்கொண்டு ப்ளோ ட்ரை நாற்காலியை எதிர்ப்பக்கம் தள்ளச் சொல்வது நிஜமாகவே பலன் தரும். ஸ்பீக்கரைப் பொதுச்சுவரிலிருந்து எடுத்து வேறு இடத்தில் மாட்டி, பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள். அடித்தொனிதான் எந்தச் சுவரையும் சுலபமாகக் கடந்து வரும், நாம் என்ன அடைத்தாலும் அதை முழுசாக நிறுத்த முடியாது.

மிச்சமிருக்கிற சத்தத்தை மூடி மறைக்க வேண்டியதுதான். இதற்குப் பலரும் மெல்லிய பியானோ இசை போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் விழும் அமைதியில்தான் வெளிப்பேச்சு தெளிவாகக் காதில் விழுகிறது. வார்த்தை புரிகிற அளவுக்குக் கேட்டால் மனசு தானாக அதன் பின்னால் போகும். மழை, அருவி மாதிரி இடைவெளியில்லாத சத்தம் இதைவிட மேல். அந்தச் சத்தத்தை எழுப்பும் கருவியைத் தலைமாட்டில் வைக்காமல் கதவோரம் வையுங்கள், மெல்லிய குரலில் பேசினால் கேட்கிற அளவைத் தாண்ட வேண்டாம்.

நம் பக்கத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். கண்ணாடித் தட்டில் ஸ்டீல் கிண்ணத்தை வைக்கும்போது 'டங்' என்று கேட்கிறதே, அது படுத்திருப்பவரின் காதுக்கு எவ்வளவு பக்கம்! தட்டில் ஒரு டவல் விரியுங்கள், சிலிக்கான் கிண்ணம் வாங்குங்கள், டிராலிக்கு ரப்பர் சக்கரம் போடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. வெளிப்பேச்சு உள்ளே கேட்கிறதென்றால் உள்பேச்சும் வெளியே கேட்கும். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கர்ப்பமா, முகத்தில் ஏன் இந்தத் தழும்பு என்றெல்லாம் அந்த அறையில்தான் கேட்கிறோம். உள்ளே ஒருவரைச் சாதாரணக் குரலில் எதையாவது படிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் போய்க் காத்திருப்போர் நாற்காலியில் உட்காருங்கள். வார்த்தை புரிந்தால், அறையை அடைக்கும் வேலை முடியும்வரை அந்தக் கேள்விகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.