முதியோர் இல்லத்தில் எடை குறைவதை முதுமை என்று விட்டுவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளிலும் இருக்கும் முதியோர் இல்லங்களுக்கு உணவியலாளராகச் சென்று வருகிறேன். பெற்றோரைப் பார்க்க வரும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி கேட்பது, "வயதாகிவிட்டது, அதனால் இளைத்துவிட்டார்கள்" என்பதைத்தான். முதுமையில் பசியும் தசையும் ஓரளவு குறைவது உண்மை. ஆனால் சில மாதங்களுக்குள் புடவைக் கொசுவத்தில் இரண்டு மடிப்பு கூடுவதும், மோதிரம் விரலில் நிற்காமல் நழுவுவதும், நேற்றுவரை பொருந்திய பல் செட் ஆடத் தொடங்குவதும் ஊட்டச்சத்துக் குறைபாட்டின் அடையாளங்கள். காரணத்தைத் தேடிப் பிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை.

சென்ற ஆண்டு செப்டம்பர் இறுதியில் அத்தகைய ஓர் இல்லத்தில் வசிக்கும் 82 வயதான ஓர் ஆயாவை (பாட்டியை) பார்த்தேன். ஜூன் மாதம் 52 கிலோ இருந்தவர் 46 கிலோவுக்கு இறங்கியிருந்தார். இல்லத்தின் எடைக் கருவி பழுதாகிக் கிடந்ததால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கான கட்டங்கள் பதிவேட்டில் வெறுமையாக இருந்தன. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள், எடையைக் குறைக்க வேண்டும் என்று முயலாமலே ஒருவர் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை இழந்தால், அது உடனே சிகிச்சை தொடங்க வேண்டிய நிலை. ஆயா இழந்தது அதற்கும் அதிகம். எப்போதும் மெலிந்த உடல்வாகு, எதையும் குறை சொல்லாத சுபாவம். அதனால் எவர் கண்ணிலும் படவில்லை.

அது புரட்டாசி மாதம். டர்பன் அமைந்துள்ள குவாசுலு நட்டால் மாகாணத்தின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போல ஆயாவும் மாதம் முழுவதும் மீன், இறைச்சி, முட்டை தொடுவதில்லை. சமையலறை அந்த விரதத்தை மதித்து, தட்டிலிருந்து கோழியை எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. எஞ்சியவை சோறும் வெந்த முட்டைக்கோசும்தான். விரதத்தில் பிழையில்லை. பருப்பும் பயறும் தயிரும் தாராளமாக இருந்தால் சைவ உணவிலேயே தேவையான புரதம் கிடைக்கும். ஆயினும் எடை புரட்டாசிக்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்ததால், ஒரு நாள் முழுவதும் அவர் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பணியாளர்களின் வேலைநேரம் மாறுவதற்கு வசதியாக, இரவு உணவு மாலை 4.30 மணிக்கே வந்துவிட்டது. மறுநாள் காலை உணவு 8 மணிக்கு. இடையில் பதினைந்தரை மணி நேரம், ஒரு கோப்பை தேநீரைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. நினைவு மங்க மங்க, ஆயா ஆங்கிலத்தை விட்டுச் சிறு வயதில் பேசிய தமிழுக்குத் திரும்பியிருந்தார். ஒவ்வொரு வேளையும் கரண்டி உதட்டைத் தொட்டதும் "வாய் எரியுது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊட்டிவிட்ட பெண் ஜூலுவும் ஆங்கிலமும் மட்டுமே அறிந்தவர், அன்பானவர், பொறுமைசாலி. அவர் பதிவேட்டில் எழுதியிருந்தது, "சாப்பிட மறுத்தார்". அந்தச் சொற்களுக்குப் பின்னால் எத்தனை காரணங்கள் ஒளிந்திருக்கக் கூடும் என்பதை அன்றுபோல் நான் என்றும் உணர்ந்ததில்லை.

பல் செட்டுக்கு அடியில் பூஞ்சைத் தொற்று இருந்தது. ஆகவே சிகிச்சை வாயிலிருந்து தொடங்கியது. தொற்றுக்கு மருந்து கொடுத்து, பல் செட்டையும் சரிசெய்த பிறகுதான் உணவைப் பற்றிப் பேச முடிந்தது. மருத்துவர் மாத்திரைகளையும் மறுபார்வையிட்டார். நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியை மந்தமாக்கும், நீண்டநாள் உட்கொண்டால் வைட்டமின் பி12 குறையவும் கூடும்.

முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ கலோரியும் குறைந்தது ஒரு கிராம் புரதமும் வேண்டும். நோயுற்றோ மெலிந்தோ இருந்தால் புரதம் 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படலாம். ஆயாவின் கணக்கில் அது சுமார் 1,400 கிலோ கலோரியும் 55 கிராம் புரதமும். பசியற்றவர் முன் பெரிய தட்டை வைத்தால் பார்த்தவுடனே சலித்துப்போவார். எனவே உணவின் அளவைக் கூட்டாமல் செறிவைக் கூட்டினோம். இந்நாட்டில் 2003 முதல் மீலி மீல் என்னும் மக்காச்சோள மாவில் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் சேர்ப்பது கட்டாயம் என்றாலும், தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய கூழில் புரதம் மிகக் குறைவு. அதே கூழை முழுக்கொழுப்புப் பாலில் காய்ச்சி, பால் பவுடரும் வேர்க்கடலை வெண்ணெயும் கலந்தோம். பருப்பைக் கெட்டியாகக் கடைந்து நெய் விட்டோம். பிற்பகலில் மாஸ் என்னும் புளித்த பால், இரவு 8 மணிக்குப் பாலும் வாழைப்பழமும். இவற்றோடு உணவு வேளைகளுக்கு இடையே, நாளுக்கு 400 கிலோ கலோரியும் 30 கிராம் புரதமும் தரும் சத்துப் பானம். இப்பானத்தைக் குறைந்தது ஒரு மாதமாவது தொடர்ந்து கொடுத்த பிறகே பலனை மதிப்பிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது.

"சர்க்கரை ஏறிவிடாதா?" என்று மகள் கேட்டார். நம் சமூகத்தில் நீரிழிவு பரவலாக இருப்பதால் இக்கேள்வி எல்லாக் குடும்பங்களிலிருந்தும் வருகிறது. எடை இழந்துகொண்டிருக்கும் 82 வயதானவருக்கு, நடுவயதில் விதித்த பத்தியத்தை அப்படியே தொடர்வது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும் என்பது என் உறுதியான கருத்து. சர்க்கரை அளவைக் கவனித்து மருந்தைத்தான் சரிசெய்ய வேண்டும். சரியாகச் சாப்பிடாதவர் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக் கூடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல நாட்கள் ஏறக்குறைய எதுவும் உண்ணாமல் இருந்தவருக்குத் திடீரென முழு உணவு கொடுத்தால், இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். அத்தகையவருக்கு மருத்துவக் கண்காணிப்பில், தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, மிகக் குறைந்த கலோரியில் தொடங்கிப் படிப்படியாகவே உயர்த்த வேண்டும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய தாத்தாவுக்கு ஆசையாய் வீட்டிலிருந்து அடுக்குச் சாப்பாடு கொண்டுவரும் முன் செவிலியரைக் கேளுங்கள்.

இல்லத்திற்குச் செல்லும்போது எடைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறையும், இளைத்து வருபவருக்கு வாரம் ஒருமுறையும் எடை பார்க்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் எடை ஏமாற்றும். கெண்டைக்காலின் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தசை கரைந்திருக்கலாம். பருமனான உடலிலும் இக்குறைபாடு மறைந்திருக்கும். உங்கள் அம்மா தமிழில் மட்டும் பேசத் தொடங்கியிருந்தால் வலிக்குது, எரியுது, பசிக்குது, போதும் என்னும் சொற்களையாவது ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவிட்டு வாருங்கள். ஆயாவின் கட்டிலருகே அவர் மகள் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது.

ஜனவரியில் ஆயா 49 கிலோ இருந்தார். இந்த ஆண்டு ஆடி மாதமே அந்த இல்லத்துச் சமையற்காரருடன் அமர்ந்து, புரட்டாசிக்கு வேண்டிய பருப்பு, பயறு, தயிர், வேர்க்கடலைக் கணக்கை எழுதி முடித்தோம். இரவு 8 மணிப் பாலும் இப்போது எல்லோருக்கும் உண்டு.