கடியில் பரவும் புற்று, காலணியில் வரும் அழுகல்

புற்றுநோய் தொற்றாது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். டாஸ்மேனியன் டெவில்களிடம் அந்தப் பாடம் செல்லாது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் வாழும் இந்த விலங்கு, கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்க்கும். ஆனால் சுத்த அசைவம். இரைக்கும் இணைக்கும் சண்டை வந்தால் முகத்தில்தான் கடிக்கும். 1996-ல் தீவின் வடகிழக்கில், முகத்தில் கட்டியோடு சில டெவில்கள் கண்ணில் பட்டன. இதில் வைரஸ் எதுவும் இல்லை. கடிக்கும்போது புற்றுச் செல்லே அடுத்த முகத்தில் ஒட்டி வளர்கிறது. என்றோ செத்துப்போன ஒரு பெண் டெவிலின் நரம்புறைச் செல்லில் தொடங்கிய புற்று அது. அந்தச் செல்லின் வாரிசுகள்தான் இன்னும் முகம் விட்டு முகம் தாவுகின்றன.

அந்நியச் செல்லை உடம்பு ஏன் விரட்டவில்லை? செல்களின் மேற்பரப்பில் எம்.எச்.சி. என்ற புரதங்கள் அடையாள அட்டை மாதிரி இருக்கும். டெவில்களுக்குள் மரபணு வேறுபாடு குறைவு. எல்லா அட்டையும் ஒன்றுபோல இருப்பதால் உடம்பு ஏமாறுகிறது என்று முதலில் நினைத்தார்கள். அப்புறம் ஒரு டெவிலின் தோலை இன்னொன்றுக்கு ஒட்டிப் பார்த்தால், உடம்பு அதை ஏற்கவில்லை! ஆக, உடம்புக்கு வேற்றாள் தெரிகிறது. புற்றுச் செல்தான் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைகிறது.

மரபணு வேறுபாடு குறைந்த இன்னொரு ஆஸ்திரேலிய உயிர் வொலமை பைன் மரம். அதன் கதை வேறு. 1994-ல் சிட்னிக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தாக்கில் பூங்கா அலுவலர் டேவிட் நோபல் கண்டது அது. அதன் நெருங்கிய உறவுக்காரர்களை அதுவரை டைனோசர் காலப் புதைபடிவங்களில்தான் பார்த்திருந்தார்கள். காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. மரபணுவிலோ மரத்துக்கு மரம் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஒரு மரத்தைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்த்துவிடலாம். 2005-ல் அங்கே பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியால் வரும் வேரழுகல் தென்பட்டது. மிளகுக் கொடியை வாட்டும் நோயின் பங்காளிதான். யாரோ ஒருவரின் காலணி மண்ணில் வந்திருக்கலாம்.

டெவிலுக்கு ஆயுள் ஐந்தாறு வருடம்தான். அதுவே அதற்கு வசதி. தலைமுறைகள் வேகமாக மாறுவதால், நோயைத் தாங்கும் மரபணுக்கள் பெருகுவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கட்டி தானாகவே வற்றிய டெவில்களும் உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும் மரத்துக்கு அந்த வேகமும் இல்லை, கலைத்துப் போட வெவ்வேறு மரபணுச் சீட்டுகளும் இல்லை. மனிதர்கள்தான் காவல் நிற்க வேண்டும். 2019-20 காட்டுத்தீயில் வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி, அந்தப் பள்ளத்தாக்கில் நீர்த் தெளிப்பான் அமைத்தார்கள். தீ தாண்டிப் போனது. மரங்கள் நிற்குமிடம் மட்டும் இன்றும் ரகசியம்.