கம்பைலர் மாறியதும் லிங்கர் ஏன் முரண்டுபிடிக்கிறது?

ஜிசிசி என்ற கம்பைலரின் (நாம் எழுதும் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) 4-ஆம் பதிப்பில் சிக்கலின்றி உருவான ஒரு சி++ நிரலை, ஒரு வரியைக்கூடத் திருத்தாமல் ஜிசிசி 5-க்கோ அதற்குப் பிந்தைய கம்பைலருக்கோ கொண்டுபோனால், எல்லாக் கோப்புகளும் ஒழுங்காகக் கம்பைல் ஆகி, அவற்றை லிங்கர் ஒன்றாக இணைக்கும் (லிங்க்) கட்டத்தில் மட்டும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ (தேடிய பெயர் கிடைக்கவில்லை) என்ற பிழை வரிசைகட்டி வருவதுண்டு. நிரல் பயன்படுத்தும் லைப்ரரி (முன்பே உருவாக்கிவைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) உரிய இடத்தில்தான் இருக்கும். தேடப்படும் ஃபங்ஷனும் அதற்குள் இருக்கும். ஆனாலும் லிங்கர் இல்லையென்றே சாதிக்கும்.

காரணம் ஸ்ட்ரிங்கில் (எழுத்துத் தொடரை வைத்திருக்கும் தரவு வகை) இருக்கிறது. 2011-இல் வந்த சி++ தர வரையறை, பல ஸ்ட்ரிங்குகள் ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொள்ளும் பழைய உத்திக்கு இடமளிக்கவில்லை. எனவே 2015-இல் வெளியான ஜிசிசி 5, ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பையே மாற்றியது. 64-பிட் கணினியில் வெறும் ஒரு பாயின்டராக (நினைவக முகவரியாக) 8 பைட்டில் அடங்கியிருந்த அது, பாயின்டர், நீளம், 15 எழுத்துகள் வரையான சிறு சொற்களைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் இடம் என 32 பைட்டாக வளர்ந்தது. இரண்டையும் கலந்து இணைத்தால், நிரல் ஓடும்போது நினைவகம் சிதையும். அதைத் தடுக்கவே புதிய ஸ்ட்ரிங்கை ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற உள் நேம்ஸ்பேஸில் (பெயர்த் தொகுதியில்) வைத்தார்கள். சி++ கம்பைலர் ஃபங்ஷனின் பெயரோடு அது ஏற்கும் தரவு வகைகளையும் சேர்த்தே பதிவதால், பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றோடொன்று பொருந்தா. எரிச்சலூட்டும் அந்தப் பிழை, வேண்டுமென்றே போட்ட வேலிதான்.

ஆகவே பிழைச்செய்தியில் அந்த ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ தென்படுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு ‘என்எம்’ கருவியால் லைப்ரரியின் பெயர்ப்பட்டியலைத் திறந்து, அதே ஃபங்ஷன் அந்த ஒட்டு இல்லாமல் இருந்தால், லைப்ரரி பழைய முறையில் உருவானது என்பது உறுதி. மொழித் தரத்தைக் குறிக்கும் ஆப்ஷனை மாற்றிப் பார்ப்பது வீண்வேலை. பழைய ஸ்ட்ரிங்கா புதியதா என்ற தேர்வுக்கும் அந்த ஆப்ஷனுக்கும் தொடர்பில்லை. லைப்ரரியின் மூலநிரல் கையில் இருந்தால், பழைய பில்ட் கோப்புறையை முழுவதும் அழித்துவிட்டு, அதையும் புதிய கம்பைலரிலேயே உருவாக்குவது நல்லது. மூலநிரல் கிடைக்காதபோது, எந்த ஸ்ட்ரிங் என்பதைத் தீர்மானிக்கும் மேக்ரோவுக்கு (கம்பைல் செய்யும்போது கொடுக்கும் அமைப்பு) பழையதைக் குறிக்கும் 0 என்ற மதிப்பைக் கொடுத்து, நம் நிரல் முழுவதையும் கம்பைல் செய்யலாம்.

முழுவதையும் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்ட்ரிங்கை உறுப்பாகக் கொண்ட ஒரு ஸ்ட்ரக்டை (பல தரவுகளைச் சேர்த்துவைக்கும் வகையை) மட்டும் ஏற்கும் ஃபங்ஷனின் பெயரில் ஸ்ட்ரக்டின் பெயர் மட்டுமே பதிவாகும். உள்ளே இருக்கும் ஸ்ட்ரிங் எந்த வகை என்பது பதிவாகாது. அத்தகைய இடத்தில் லிங்கர் ஒன்றும் சொல்லாமல் இணைத்துவிடும். கோளாறு நிரல் ஓடும்போதுதான் வெளிப்படும்.