பட்டப்பேர் வெச்சா டிஸ்க் ரொம்பிடுமா?

"அண்ணே, சொந்த கம்ப்யூட்டர்லயே ஏஐ மாடலை ஓட்டற ஒல்லாமால 'குவென்2.5-கோடர்:7பி-இன்ஸ்ட்ரக்ட்-க்யூ4_கே_எம்'னு மாடல் பேரை தினமும் டைப் அடிச்சு கை வலிக்குது, 'சிபி' கமாண்ட் போட்டு 'கோட்'னு சுருக்கிக்கோன்னு சொல்றாங்க, ஆனா சிபின்னா காப்பிதானே, 4.7 ஜிபி இன்னொரு தடவை டிஸ்க்ல உக்காந்துக்காதா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. நியாயமான பயம்தான். ஆனா உக்காராது.

டெர்மினல்ல கமாண்டுக்குச் சுருக்கப்பேர் வெக்கற பாஷ் அலையஸ், கமாண்டோட முதல் வார்த்தையைத்தான் பாக்கும், நடுவுல வர்ற மாடல் பேரை மட்டும் தனியா சுருக்காது. அதை விடுங்க.

மேக்ல ஹோம் ஃபோல்டர்ல ஒளிஞ்சிருக்கற 'டாட் ஒல்லாமா'வைத் திறந்து உள்ள மாடல்ஸுக்குப் போனா ரெண்டே ஃபோல்டர், பிளாப்ஸ், மேனிஃபெஸ்ட்ஸ். வெயிட்டான சரக்கெல்லாம் பிளாப்ஸ்ல. அங்க இருக்கற ஃபைல் எதுக்கும் நாம வெச்ச பேரே கிடையாது, ஃபைலுக்குள்ள இருக்கறதை ஷா-256ங்கற கணக்குல போட்டு அரைச்சா வர்ற 64 எழுத்துதான் பேர். மேனிஃபெஸ்ட்ங்கறது சுமார் ஒரு கேபி வர்ற துண்டுச்சீட்டு, "வெயிட்ஸ் (மாடல் கத்துக்கிட்ட எண்கள்) இந்த 64 எழுத்து, டெம்ப்ளேட் (நம்ம கேள்வியை மாடலுக்கு அடுக்கிக் குடுக்கற அச்சு) அந்த 64 எழுத்து"ன்னு எழுதி வெச்சிருக்கும், அவ்ளோதான். சிபி போட்டா காப்பி ஆகறது இந்தச் சீட்டு மட்டும். 'ஒல்லாமா லிஸ்ட்' அடிச்சுப் பாருங்க, ரெண்டு பேருக்கும் ஐடி ஒண்ணாவே இருக்கும். (நியூமராலஜிக்காரங்க சொல்றாங்கன்னு பேர்ல ஒரு எழுத்தைக் கூட்டிக்கறவங்களுக்கு இந்த ஐடியைத்தான் காட்டணும், பேரை எப்படி மாத்தினாலும் அசையாது, உள்ள ஒரு பைட் மாறினாத்தான் மாறும்.) பழைய பேரை 'ஆர்எம்'ங்கற அழிக்கற கமாண்ட் போட்டு அழிச்சாலும் வேற ஏதாவது சீட்டு அந்த பிளாபைக் காட்டிட்டு இருந்தா பிளாப் பத்திரமா இருக்கும்.

எனக்குப் பிடிச்ச இடமே இனிமேதான். டெர்மினல்ல இருந்தே ஏஐ மாடல்களைக் கூப்பிட சைமன் வில்லிசன்ங்கற புரோகிராமர் எழுதின 'எல்எல்எம்'ங்கற டூல்லயும் சுருக்கப்பேர் வெக்கலாம், ஆனா அங்க அலையஸஸ்.ஜேசன்ங்கற ஃபைல்ல "இந்தப் பேர்னா அந்தப் பேர்"னு ஒரு வரி, பேர் பேரைக் காட்டுது. ஒல்லாமா சிபில பேர் சரக்கையே காட்டுது. ஸ்கூல்ல 'ஹெச்எம்'னு சொன்னா நாற்காலில யாரு இருக்காங்களோ அவங்க, 'சொட்டை'ன்னு பசங்க பட்டப்பேர் வெச்சா அவரு டிரான்ஸ்ஃபர் ஆகிப் போற ஊருக்கும் அது கூடவே போகும்ல, அந்த வித்தியாசம்தான்.

அதனால தம்பி, ஒண்ணு கவனிங்க. நாளைக்கு அதே நீளப் பேர்ல புது வெர்ஷன் வந்து அதை டவுன்லோட் பண்ண நீங்க 'புல்' கமாண்ட் அடிச்சா நீளப் பேரோட சீட்டுதான் மாறும், உங்க 'கோட்' பழைய ஆளையே புடிச்சிட்டு நிக்கும், அது புடிச்சிருக்கறதால பழைய வெயிட்ஸும் அழியாது, புது வெயிட்ஸும் வந்து சேரும், அப்போ நீங்க பயந்த மாதிரியே இன்னொரு 4.7 ஜிபி உக்காந்துக்கும். புல் அடிச்ச கையோட சிபியும் இன்னொரு தடவை போட்டுருங்க.