பூங்காச் சாலையை மூடினால் கார்கள் எங்கே போகின்றன?

1958 நவம்பர் 1. நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் ஒரு சின்ன விழா. புதுச் சாலை திறக்கும்போது ரிப்பன் வெட்டுவது வழக்கம். அன்றைக்கு ரிப்பனை முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். பூங்காவின் ஊடாகப் போய்க்கொண்டிருந்த கார் பாதையைச் சோதனை முறையில் மூடியதற்கான விழா அது.

அதற்குப் பின்னால் பல வருடப் போராட்டம் இருந்தது. நகரின் செல்வாக்கு மிக்க அதிகாரி ராபர்ட் மோசஸ், ஐந்தாவது அவென்யூவைப் பூங்காவுக்குள்ளேயே நீட்டிக்கொண்டு போக விரும்பினார். 1952-ல் அந்தப் பகுதியில் வாழ்ந்த ஷெர்லி ஹேய்ஸ் எதிர்ப்பைத் தொடங்கினார். பிறகு நகரங்களைப் பற்றி எழுதிவந்த ஜேன் ஜேக்கப்ஸ் சேர்ந்தார், மறைந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டும் குரல் கொடுத்தார். அதிகாரிகள் தரப்பில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட எச்சரிக்கை ஒன்றுதான்: இதை மூடினால் சுற்றியிருக்கும் தெருக்கள் திணறிவிடும்.

மூடிய பிறகு அந்தத் தெருக்களில் வண்டிகளை எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை கூடவில்லை. பெரும்பாலும் கொஞ்சம் குறைந்தே இருந்தது. 1959-ல் மூடல் நிரந்தரமானது. அப்படியானால் அந்தக் கார்கள் எங்கே போயின?

நம் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குழாய்த் தண்ணீர்தான். ஒரு குழாயை அடைத்தால் அதே அளவு தண்ணீர் அடுத்த குழாயில் பாயும். போக்குவரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. தண்ணீர் யோசிக்காது, கார் ஓட்டுகிறவர் யோசிப்பார். இன்று போகவேண்டுமா, எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எந்த வழி, காரிலா ரயிலிலா, இந்தக் கடைக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கா என்று ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னாலும் நாலைந்து முடிவுகள் இருக்கின்றன. சாலை மாறினால் முடிவுகளும் மாறும்.

பிரிட்டனைச் சேர்ந்த ஜான் வார்ட்ராப் 1952-ல் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார். ஒவ்வொருவரும் தனக்கு வேகமான வழியைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். வழியை மாற்றுவதால் யாருக்கும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது என்ற நிலை வரும்போது மாற்றுவது நிற்கும். அதுவே சமநிலை. அந்தச் சமநிலை ஊருக்கே நல்லதாக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. அதை அழகாகக் காட்டியவர் ஜெர்மன் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிராஸ். ஆண்டு 1968.

ஒரு கற்பனை ஊரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுவில் பூங்கா. வடக்கிலிருந்து தெற்கே போக 2,000 கார்கள். மேற்கு வழியில் முதலில் ஒரு குறுகலான தெரு வரும். அதில் 100 கார்களுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் நேரம் கூடிக்கொண்டே போகும். அதற்கப்புறம் அகலமான சாலை. எத்தனை கார் வந்தாலும் 25 நிமிடம். கிழக்கு வழி இதற்கு நேர்மாறு: முதலில் அகலமான 25 நிமிடச் சாலை, பிறகு குறுகலான தெரு. கார்கள் இரண்டு வழிக்கும் சரிபாதியாகப் பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் 10 + 25, ஆக 35 நிமிடம்.

இப்போது பூங்காவுக்குள் ஒரு குறுக்குச் சாலையைத் திறக்கிறோம். மேற்குக் குறுகல் தெருவின் முடிவிலிருந்து கிழக்குக் குறுகல் தெருவின் தொடக்கத்துக்கு இரண்டே நிமிடம். முதல் நாள் அதில் நுழைகிறவருக்கு 10 + 2 + 10, அதாவது 22 நிமிடம்தான். பெரிய லாபம். மறுநாள் பத்துப் பேர், அடுத்த வாரம் நூறு பேர், கடைசியில் 2,000 பேரும் அந்த வழிக்கே வந்துவிடுவார்கள். அப்போது குறுகல் தெரு ஒவ்வொன்றிலும் 20 நிமிடம். மொத்தம் 42. யாராவது பழைய வழிக்குத் திரும்பலாமா என்றால் 45 நிமிடம் ஆகும். அதனால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். சாலை ஒன்று கூடியது, எல்லோருக்கும் ஏழு நிமிடம் போனது. அந்தப் பூங்காச் சாலையை மூடினால் எல்லோருக்கும் ஏழு நிமிடம் திரும்பக் கிடைக்கும்.

எல்லா ஊரும் பிராஸ் போட்ட படத்தின்படி அமைந்திருக்காது. ஆனாலும் பூங்காச் சாலை இந்தப் பாத்திரத்தை ஏற்க மிகவும் பொருத்தமானது. அதில் கடை இல்லை, வீடு இல்லை. நடுவில் சந்திப்புகள் குறைவு. நுழைந்தால் வேகமாக வெளியே வந்துவிடலாம். வந்து சேரும் இடத்தில்தான் சிக்கல். பூங்கா வாசலில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஒரு சந்திப்பில் அத்தனை கார்களும் வந்து நிற்கும். அவற்றுக்கென்று சிக்னலில் தனியாகப் பச்சை விளக்கு தரவேண்டும். அந்த நேரம் முழுவதும் பெரிய சாலையில் வருகிறவர்கள் சிவப்பில் நிற்பார்கள். பூங்காவை மூடினால் அந்தப் பச்சை நேரம் பெரிய சாலைக்கே திரும்பி வருகிறது. தெரு நிரம்பி வழியும் நிலையில் இருக்கும்போது இந்தச் சில விநாடிகள் மிகப் பெரிய விஷயம்.

பெரிய அளவிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1973 டிசம்பரில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் உயர்த்தப்பட்ட வெஸ்ட் சைடு நெடுஞ்சாலையின் ஒரு பகுதி, அதே சாலையைப் பழுதுபார்க்கத் தார்க்கலவை ஏற்றிவந்த லாரியின் கீழேயே இடிந்து விழுந்தது. சாலையின் தென்பகுதி மூடப்பட்டது. அதில் ஓடிய கார்களைப் பக்கத்து அவென்யூக்களில் தேடியபோது பெரும்பங்கு அங்கே காணவில்லை. பின்னாளில் சாலி கெய்ர்ன்ஸும் சக ஆய்வாளர்களும் 11 நாடுகளிலிருந்து 70-க்கும் மேற்பட்ட இதுபோன்ற நிகழ்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் பாதி இடங்களில், முன்பு ஓடிய கார்களில் 11 சதவீதத்துக்கும் மேல் சுற்றுவட்டாரத்தில் எங்குமே தென்படவில்லை.

சிலர் நேரத்தை மாற்றினார்கள், சிலர் இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடித்தார்கள், சிலர் ரயிலேறினார்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு சாலையில் தினமும் ஒரே ஆட்கள்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வேலை மாறும், வீடு மாறும், பிள்ளையின் பள்ளி மாறும். பழையவர்கள் போனபின் புதிதாக வருகிறவர்கள் அந்தச் சாலை இல்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே தங்கள் வழியை அமைத்துக்கொள்கிறார்கள்.

சரி, பூங்காவுக்கு என்ன கிடைக்கிறது? முதலில் சத்தம். சத்தத்தை அளக்கும் டெசிபல் மடக்கைக் (லாகரிதம்) கணக்கில் போகும், நேர்க்கணக்கில் அல்ல. கார்களைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் 3 டெசிபல்தான் இறங்கும். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. சத்தம் பாதியானதாக உணர ஏறக்குறைய 10 டெசிபல் இறங்கவேண்டும், அதற்குக் கார்கள் பத்தில் ஒரு பங்காகக் குறையவேண்டும். "முழுக்க மூடவேண்டாம், கொஞ்சம் குறைத்தால் போதாதா" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். கடைசிச் சில கார்கள் போகும்போதுதான் பறவைச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது.

அடுத்தது சாலையைக் கடப்பது. மணிக்கு 300 கார் என்றால் ஒரு நகரச் சாலைக்குச் சொற்பம்தான். சராசரியாக 12 விநாடிக்கு ஒரு கார். ஆனால் பத்து மீட்டர் அகலச் சாலையை, விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் முதியவர் கடக்கப் பத்து விநாடி இடைவெளி வேண்டும். கார்கள் ஒழுங்கில்லாமல் வரும்போது பத்து இடைவெளியில் நான்குதான் அந்த அளவுக்கு நீளமாக இருக்கும். மணிக்கு 600 கார் என்றால் பத்தில் இரண்டுகூடத் தேறாது. அவருக்கு அந்தச் சாலை ஒரு சுவர். மறுபக்கத்தில் இருக்கும் மரமும் பெஞ்சும் அவருடைய பூங்காவில் சேராது. மூடிய அன்றே பூங்கா அவருக்குப் பெரிதாகிவிடுகிறது. பூங்கா விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

காற்றையும் சொல்லவேண்டும். வாகனப் புகையின் மிக நுண்ணிய துகள்கள் சாலையோரத்தில்தான் அதிகம். சில நூறு மீட்டர் தள்ளிப் போனால் வெகுவாகக் குறைந்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். ஓடுகிறவர் அதைப்போலப் பல மடங்கு. நகரத்திலேயே அதிகம் மூச்சுவாங்குகிறவர்களை அந்தச் சாலையின் ஓரத்தில்தான் ஓடவிட்டிருந்தோம்.

எல்லா இடத்திலும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். மாற்றுத் தெருக்கள் வலைபோல் பரவியிருக்கவேண்டும், பேருந்தோ ரயிலோ இருக்கவேண்டும். ஊரின் ஒரே பாலத்தை மூடினால் கார்கள் மறையாது, வரிசையில்தான் நிற்கும். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்கு ஒரு முன்யோசனை கைகொடுத்தது. அதை வடிவமைத்த ஓல்ம்ஸ்டெட்டும் வாக்ஸும் 1858-லேயே, கார் பிறப்பதற்கு முன்பே, கிழக்கு மேற்காகப் போகும் நான்கு சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தி அமைக்கத் திட்டம் போட்டார்கள். நகரின் வண்டிகள் பள்ளத்தில் ஓடும், பூங்காவுக்கு வந்தவர் மேலே நடப்பார். அதனால் உள்வட்டச் சாலையை மூடியபோது குறுக்கே போகும் வழி அப்படியே இருந்தது. அந்த மூடலும் ஒரே நாளில் வரவில்லை. 1966-ல் வார இறுதி நேரங்களில் தொடங்கி, 2015-ல் 72-வது தெருவுக்கு வடக்கே முழுமையாக விரிந்து, 2018 ஜூனில் எஞ்சிய பகுதிக்கும் வந்தது. இடையில் ஓட்டுநர்களுக்குப் பழக அரை நூற்றாண்டு கிடைத்தது.

நடக்க முடியாதவர்களின் கேள்வி வேறு, அது நியாயமானதும்கூட. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஜே.எஃப்.கே. சாலையை 2020-ல் மூடியபோது அங்குள்ள அருங்காட்சியகத்துக்குச் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்ற விவாதம் 2022 வாக்கெடுப்பு வரை போனது. மக்கள் மூடலையே ஆதரித்தார்கள். ஆனால் இலவசச் சிற்றுந்தும், வாசலுக்குப் பக்கத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடமும் இல்லாமல் மூடுவது, அந்த முதியவருக்கு இருந்த சுவரை எடுத்து இன்னொருவர் முன் வைப்பதாகிவிடும்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள பிராஸ்பெக்ட் பூங்காவில் எஞ்சியிருந்த கார் பாதையை முதலில் 2017 கோடையில் மட்டும் மூடினார்கள். சுற்றுத் தெருக்களில் பயண நேரத்தை அளந்தார்கள், பெரிய மாற்றம் இல்லை. 2018 ஜனவரியில் நிரந்தரமாக்கினார்கள். ஒரு கோடைக்காலச் சோதனைக்குத் தடுப்புக் கட்டைகளும், வண்டிகளை எண்ண நாலு கருவிகளும் போதும். மூடுவதற்கு முன்பே எண்ணத் தொடங்கவேண்டும், முதல் வாரக் குழப்பத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஓட்டுநர்கள் புதுச் சமநிலைக்கு வரும்வரை சில வாரங்கள் தொடர்ந்து எண்ணவேண்டும்.