குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போடாமலே இருந்தால்?

இந்தியக் குடியரசுத் தலைவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அட, ரப்பர் ஸ்டாம்ப் தானே" என்று யாராவது முடித்துவிடுவார்கள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஸ்டாம்பை எத்தனை நாளுக்குள் குத்த வேண்டும் என்று அரசியல் சாசனம் எங்கேயும் சொல்லவில்லை, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

சட்டப்பிரிவு 53-ஐ மட்டும் படித்தால் இவர் பெரிய ராஜா என்றே தோன்றும். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் முழுக்க இவரிடம், முப்படைகளின் தலைமையும் இவரிடம். அப்புறம் 74-க்கு வந்தால் அத்தனையும் பிரதமர் தலைமையிலான அமைச்சரவை சொல்கிறபடிதான் என்று ஆகிவிடுகிறது. அமைச்சரவையின் ஆலோசனையை ஏற்றே ஆக வேண்டுமா என்பதை ஆரம்பத்தில் மரபுக்கு விட்டிருந்தார்கள். 1976-ல் இந்திரா காந்தி அரசு 42-வது திருத்தத்தில் ஏற்றே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டது. 1978-ல் ஜனதா அரசு 44-வது திருத்தத்தில் கொஞ்சம் தளர்த்தியது: ஒரே ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், அதே ஆலோசனை மறுபடி வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டபோது அமைச்சரவை கூடவே இல்லை, அமைச்சர்களுக்கு மறுநாள் காலையில்தான் சொன்னார்கள். இனிமேல் அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் கையெழுத்து என்ற நிபந்தனை அந்த ராத்திரியிலிருந்து வந்ததுதான்.

ஒரே ஒரு முறை திருப்பி அனுப்பி என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கலாம். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை சத்தமில்லாமல் கைவிட்டது. மறு ஆண்டு பீகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்க வாஜ்பாய் அரசு கேட்டபோதும் அதையே செய்தார். 1999 பிப்ரவரியில் பரிந்துரை மறுபடி வந்தது, கையெழுத்துப் போட்டார், ஆனால் மாநிலங்களவையில் அதை நிறைவேற்ற ஆள் பலம் இல்லாமல் அரசே பின்வாங்கியது. திருப்பி அனுப்பினால் செய்தி ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அந்த வெளிச்சத்தில் அதே காரியத்தை மறுபடி செய்ய எல்லா அரசுக்கும் தைரியம் வராது.

இதற்கு நேர் எதிரான ஒரு கையெழுத்தையும் சொல்ல வேண்டும். 1991 ஜனவரியில் கருணாநிதி ஆட்சியைக் கலைத்தபோது ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். சட்டப்பிரிவு 356-ல் ஆளுநரின் அறிக்கை வந்தாலோ 'வேறு வகையில்' தெரியவந்தாலோ என்று இருக்கிறது, அந்த 'வேறு வகை' போதும் என்று ஆர். வெங்கட்ராமன் கையெழுத்துப் போட்டார். திருப்பி அனுப்பும் உரிமை அவருக்கும் இருந்தது.

சரி, மசோதாக்களுக்கு வருவோம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா சட்டப்பிரிவு 111-ன் கீழ் அவர் மேசைக்கு வரும். ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், பண மசோதாவாக இல்லாவிட்டால் ஒரு முறை திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்புவதென்றால் 'கூடிய விரைவில்' அனுப்ப வேண்டுமாம், அது எத்தனை நாள் என்று கிடையாது. அரசியல் சாசனத் திருத்த மசோதா என்றால் மட்டும் 1971-லிருந்து ஒப்புதல் தந்தே ஆக வேண்டும்.

2006-ல், எம்.பி.க்கள் சில அரசுப் பதவிகளையும் வைத்துக்கொள்ள வழிசெய்யும் ஆதாயம் தரும் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார், இரு அவைகளும் அப்படியே மறுபடி நிறைவேற்றின, ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஜெயில் சிங் இதைவிடக் கெட்டிக்காரர் என்பேன். 1986-ல் அஞ்சலகத் திருத்த மசோதா அவரிடம் வந்தது. ஜனங்களின் கடிதங்களை அரசு இடைமறித்துப் பார்க்க வழிசெய்யும் மசோதா அது, ராஜீவ் காந்திக்கோ மக்களவையில் 400-க்கு மேல் இடங்கள். திருப்பி அனுப்பினால் அடுத்த வாரமே மறுபடி வந்து நிற்கும், அப்போது வேறு வழியே இருக்காது. அதனால் அவர் எதுவுமே செய்யவில்லை! மறுக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. 1987 ஜூலையில் பதவிக்காலம் முடிந்து கிளம்பிவிட்டார். 1990-ல் வெங்கட்ராமன் அதை வி.பி. சிங் அரசிடம் திருப்பி அனுப்பினார், கடைசியில் 2002-ல் வாபஸ் வாங்கினார்கள். அமெரிக்க அதிபருக்கு 10 நாள் கெடு இருக்கிறது, காங்கிரஸ் கூடியிருக்கும்போது அவர் சும்மா இருந்தால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

அன்று அந்தத் தாமதம் மக்களுக்கு நல்லதாகப் போனது. எல்லாத் தாமதமும் அப்படி இல்லை. ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளன் உள்ளிட்ட மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் டெல்லியில் கிடந்தன, அந்தத் தாமதத்தையே காரணம் காட்டி 2014-ல் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. உயிர் சம்பந்தப்பட்ட கோப்பு என்பதால் தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது. ஆளுநர் வழியாகக் குடியரசுத் தலைவரிடம் வரும் மாநில மசோதாவுக்கு அதுவும் கிடையாது. 2017-ல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்ட விஷயமே 2019-ல் உயர் நீதிமன்றத்தில் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு ஆளுநர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, இப்படி வரும் மாநில மசோதாக்களில் முடிவெடுக்கக் குடியரசுத் தலைவருக்கு 3 மாதக் கெடு வைத்தது. மே மாதம் திரௌபதி முர்மு சட்டப்பிரிவு 143-ன் கீழ் 14 கேள்விகளை அதே நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு கெடு வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, ஒப்புதல் கிடைத்ததாக எடுத்துக்கொள்வதும் செல்லாது என்று கருத்துச் சொன்னது. இதில் வேடிக்கை, சட்டப்பிரிவு 201-ல் கெடு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பச் சொன்ன மசோதாவை மாநிலச் சட்டமன்றம் 6 மாதத்துக்குள் மறுபடி பரிசீலிக்க வேண்டும். மறுபடி நிறைவேற்றி அனுப்பினாலும் அவர் ஒப்புதல் தர வேண்டிய கட்டாயம் இல்லை.