ஒரு காம்பின் வழியே ஓராயிரம் கிலோ

எடைப் போட்டிக்காக வளர்க்கப்படும் ராட்சதப் பூசணி, வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் நாட்களில், ஒரே நாளில் 20 கிலோ வரை எடை கூடுகிறது. இரவையும் பகலையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 கிராம். அந்த எடை முழுவதும் ஒரே ஒரு காம்பின் வழியாகவே காய்க்குள் வந்து சேர வேண்டும். காய் மண்ணின் மேல் கிடந்தாலும் மண்ணிலிருந்து எதையும் நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. தனக்கு வேண்டிய உணவைத் தன் தோலிலேயே தயாரித்துக்கொள்ளவும் அதனால் இயலாது. ஆகவே, இந்தக் காய் எப்படி இவ்வளவு பெரிதாகிறது என்று அறிய விரும்புபவர், முதலில் அதன் காம்பையும் கொடியையும் பார்ப்பதே சரி.

பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் நாம் அழைக்கும் வகையைச் சேர்ந்த இந்தக் கொடியின் தாவரவியல் பெயர் குக்கர்பிட்டா மேக்ஸிமா. தாயகம் தென் அமெரிக்கா. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்குக் கனடாவைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 403 பவுண்டு, அதாவது 183 கிலோ எடையுள்ள காய் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த எடையை மிஞ்சுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. பின்னர், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் விவசாயம் செய்துவந்த ஹோவர்ட் டில், பெரிய காய்களின் விதைகளையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்து, அவற்றிலிருந்து வந்த கொடிகளைக் கலப்பினம் செய்து, 'அட்லாண்டிக் ஜயண்ட்' என்னும் ரகத்தை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகின் மிகப் பெரிய பூசணி அவருடையதாக இருந்தது. இன்று போட்டிக்கு வரும் பூசணிகளில் ஏறக்குறைய அனைத்தும் அந்த ரகத்தின் வழித்தோன்றல்களே. 1996இல் 1,000 பவுண்டு, 2012இல் 2,000 பவுண்டு என்று எல்லைகள் ஒவ்வொன்றாகக் கடக்கப்பட்டன. 2014இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒருவரின் காய் ஒரு டன்னைத் தாண்டியது. 2025இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பேட்டன் இரட்டையர்கள் வளர்த்த காய் 1,278.8 கிலோ எடையோடு உலகச் சாதனை படைத்தது. இது வார்னாக்கின் காயைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு.

இந்த ஏழு மடங்கு எங்கிருந்து வந்தது? இலைகள் முன்பைவிடத் திறமையாக ஒளிச்சேர்க்கை செய்யத் தொடங்கிவிட்டன என்று எண்ணத் தோன்றும். ஜெசிகா சாவேஜ், மிஷேல் ஹோல்புரூக் முதலிய ஆய்வாளர்கள் ராட்சத ரகங்களையும் அவற்றின் மூதாதையான சிறுகாய் ரகத்தையும் அருகருகே வளர்த்து ஒப்பிட்டு, 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. இலைப் பரப்போ ஒளிச்சேர்க்கைத் திறனோ காயின் பருமனைத் தீர்மானித்ததற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. வேறுபாடு இரண்டு இடங்களில் இருந்தது: பெண் பூவின் சூலகத்தின் அமைப்பில் ஒன்று, இலைக்காம்பிலும் காய்க்காம்பிலும் உள்ள உணவுக்குழாய்த் திசுவின் அளவில் மற்றொன்று. ராட்சத ரகங்களின் காம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், உணவைக் கடத்தும் புளோயம் திசு கூடுதலான பரப்பில் காணப்பட்டது. டில்லும் அவருக்குப் பின் வந்தவர்களும் காயின் எடையை மட்டுமே பார்த்து விதை எடுத்தார்கள். தாங்கள் அறியாமலே குழாய்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் வியப்பூட்டும் செய்தி இதுதான்.

அந்தக் குழாய்களுக்குள் நடப்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். இலையில் உருவாகும் சர்க்கரை, இலை நரம்பின் ஓரத்தில் உள்ள சிறப்புச் செல்களுக்குள் நுண்துளைகள் வழியாக நுழைகிறது. பூசணிக் குடும்பத்தில் அந்தச் செல்கள், நுழைந்த சர்க்கரையோடு மேலும் சர்க்கரை அலகுகளை இணைத்து ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் பெரிய மூலக்கூறுகளாக மாற்றிவிடுகின்றன. மூலக்கூறு பெரிதாகிவிட்டதால் வந்த துளை வழியே திரும்பிச் செல்ல முடிவதில்லை. மறுபுறம் அகலமான வழியோடு காத்திருக்கும் புளோயம் குழாய்க்குள் போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இவ்வாறு சர்க்கரை செறியச் செறிய, அருகிலுள்ள நீர்க்குழாய்களிலிருந்து நீர் சவ்வூடு பரவல் மூலம் உள்ளே பாய்ந்து, குழாயின் இலைப்பக்க முனையில் அழுத்தத்தை உயர்த்துகிறது. காயின் பக்க முனையில் சர்க்கரை இறக்கப்பட்டுச் செலவாவதால் அங்கே அழுத்தம் குறைவாக இருக்கிறது. இந்த அழுத்த வேறுபாடு ஒன்றே இனிப்பான சாற்றைப் பல மீட்டர் தூரம் தள்ளிக்கொண்டு போகிறது. காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீராகவே இருந்தாலும், அந்த நீரைக் காய்க்குள் இழுத்து நிறுத்துவது சர்க்கரையும் அதனோடு வரும் உப்புகளுமே.

தோட்டக்காரர் செய்யும் வேலைகள் பெரும்பாலும் இந்த ஓட்டத்தை ஒரே திசையில் திருப்பும் முயற்சிகள்தாம். கொடிக்கு 50 முதல் 100 சதுர மீட்டர் வரை இடம் விட்டு, நடுவே ஒரு தாய்க்கொடியையும் இருபுறமும் கிளைக்கொடிகளையும் மட்டும் படரவிட்டு, கிளையிலிருந்து பிரியும் சிறு கொடிகளைத் தோன்றியவுடனே கிள்ளிவிடுகிறார்கள். வளரும் நுனி ஒவ்வொன்றும் சர்க்கரைக்குப் போட்டியிடும் ஒரு வாய். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் இயல்பு இந்தக் கொடிக்கு இருப்பதால், கணுக்களை மண்ணால் மூடிவைக்கிறார்கள். முதல் வேர் ஒன்றையே நம்பியிராமல், கொடி படரும் நிலமெங்கும் புதிய வேர்கள் இறங்கி நீரையும் சத்தையும் ஏற்றுகின்றன. நன்கு மக்கிய உரம் நிறைந்த இளகிய மண் இதற்கு அடிப்படைத் தேவை.

மகரந்தச் சேர்க்கையைத் தேனீக்களிடம் விட்டுவிடுவதில்லை. பெண் பூவை அடையாளம் காண்பது எளிது. மொட்டுக்குக் கீழேயே பிஞ்சு உருண்டையாகத் திரண்டிருக்கும். மறுநாள் மலரப்போகும் மொட்டின் நுனியில் மாலையிலேயே மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கும். அப்போது இதழ்களை நூலால் தளர்வாகக் கட்டிவிட்டு, மறுநாள் வெயில் ஏறுமுன் அவிழ்த்து, தேர்ந்தெடுத்த ஆண் பூ ஒன்றின் இதழ்களை உரித்துப் போட்டு, மகரந்தம் படிந்த அதன் நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடி மடல்கள் ஒவ்வொன்றிலும் மெல்லத் தேய்த்து, இதழ்களை மீண்டும் கட்டிவிடுகிறார்கள். தாயும் தந்தையும் எவை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அடுத்த ஆண்டு விதைக்கு மதிப்பு. தாய்க்கொடியில் வேரிலிருந்து சுமார் மூன்று மீட்டர் தள்ளிப் பிடித்த காயையே பெரும்பாலும் வைத்துக்கொண்டு, மற்றப் பிஞ்சுகளை நீக்கிவிடுகிறார்கள். அந்தக் காயில் முதல் இரண்டு மூன்று வாரங்களில் செல்கள் வேகமாகப் பிரிந்து எண்ணிக்கையில் பெருகுகின்றன; அதன்பின் வரும் எடையெல்லாம் பெரும்பாலும் அந்தச் செல்கள் நீரை நிரப்பிக்கொண்டு விரிவதால் வருவது. முதல் வாரங்களில் கவனம் தப்பினால் பின்னால் எவ்வளவு நீர் ஊற்றினாலும் ஈடுசெய்ய முடியாது என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும்.

காய் பெரிதாகும்போது எடையே அதற்கு எதிரியாகிறது. தொடக்கத்தில் உருண்டையாக இருக்கும் காய், நாளடைவில் தன் பாரத்தால் அமிழ்ந்து, உயரத்தைவிட அகலத்தில் மிகுதியாக வளர்ந்து, தரையில் சாய்ந்து படுத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹூவும் அவருடைய குழுவினரும் இந்த வடிவ மாற்றத்தை 2011இல் ஆராய்ந்தார்கள். அழுத்தமும் இழுவிசையும் வளர்ச்சியின் போக்கையே மாற்றுகின்றன என்பதால், காய் உடையாமல் விரிந்துகொடுக்கிறது. ஆனால் விரிவதற்கும் ஒரு வேகம் உண்டு. நீண்ட வறட்சிக்குப் பின் திடீரென்று நீர் பெருகினால், உள்ளே சதை வீங்கும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்க முடியாமல் வெடித்துவிடும். வெடிப்பு உள்குழி வரை இறங்கிவிட்டால் அந்தக் காய் போட்டியிலிருந்து விலக்கப்படும். ஒரு பருவத்து உழைப்பு ஓர் இரவில் வீணாவதைக் காண்பது வேதனையானது. அதனால்தான் நீரைச் சீராகக் கொடுப்பதும், வெயிலில் தோல் இறுகிவிடாமல் துணிப்பந்தல் போடுவதும், விரியும் காய் தரையில் உரசாமல் நகர அடியில் மணல் பரப்புவதும் அவ்வளவு முக்கியமாகின்றன. காம்பருகே இருக்கும் காயின் தோள்கள் உயர்ந்து கொடியை மேலே தூக்கும். அந்த இடத்தில் கணு வேர்கள் கொடியை மண்ணோடு இறுகப் பிணைத்திருந்தால், விட்டுக்கொடுக்க இடமின்றிக் காம்பு கிழிந்துபோகும். எனவே அங்கு மட்டும் வேர்களை நறுக்கி, கொடியை நாளுக்குச் சிறிதளவாக விலக்கி வைக்கிறார்கள்.

மாலைதோறும் அளவுநாடாவோடு காயருகே செல்வது வழக்கம். காயின் சுற்றளவு, ஒரு பக்கத் தரையிலிருந்து மேல்வழியாக மறுபக்கத் தரை வரை, காம்புப் பக்கத்திலிருந்து பூ இருந்த முனைப் பக்கம் வரை என்று மூன்று அளவுகளையும் கூட்டி, பழைய போட்டிகளின் தரவுகளைக் கொண்டு தயாரித்த அட்டவணையில் பார்த்தால் எடை ஏறத்தாழத் தெரிந்துவிடும். சதையின் பருமன் காய்க்குக் காய் மாறுவதால், தராசில் ஏற்றும்போது கணக்கைவிடக் கூடவும் குறையவும் வாய்ப்புண்டு.

காய் பிடித்துச் சுமார் நூறு நாட்களில் அறுவடை. அறுத்த காய் நாளுக்கு நாள் நீரை இழக்கும் என்பதால், கொடியிலிருந்து அதைப் பிரிப்பதைக் கூடியவரை தள்ளிப்போட்டு, எடைபோடும் நாளை ஒட்டியே கத்தியை எடுக்கிறார்கள். அறுத்தவுடன் வெட்டுமுகத்தில் சாறு துளித்துளியாகக் கசிகிறது. காற்றுப் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் இறுகி, சாறு கூழ்போல் உறைந்து குழாய்களின் வாயை அடைத்துவிடுகிறது.